மூச்சும் கயிறும்: ஓதக்குடி என்ற போர்க்குலத்தைக் கட்டிய பதிவு

எங்கள் கற்பனை ஆட்ட உலகத்துக்காக உருவாக்கிய ஓதக்குடி என்னும் போர்க்குலம் ஒருவழியாக மேசையில் நின்றுவிட்டது. கையில் இப்போது ஒன்றரைப் பக்க விதிகளும், எபொக்சி புட்டியில் செய்த சில உருவங்களும், அடித்தலும் திருத்தலுமாக நிறைந்த ஒரு கொப்பியும் இருக்கின்றன. தமிழில் இப்படி ஒரு குலத்தை அடியிலிருந்து கட்ட நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

ஆட்டம், ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதன் அடிப்படை விதித் தொகுப்பு 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சிடலாம். முழுவதையும் அச்சிடாமல் சண்டை, நீருக்கடி, குலங்கள் ஆகிய பகுதிகளை மட்டும் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். 600 ரூபாவுக்குள் முடிந்தது. நான்கு முகம் முதல் இருபது முகம் வரையான ஏழு பகடைகள் கொண்ட தொகுதி, தபால் செலவுடன் ஏறத்தாழ 1,900 ரூபா. இவை போக, சதுரக் கோடு போட்ட கணிதக் கொப்பி ஒன்று. பணம் செலவழிக்க வேண்டிய இடம் பகடை மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டில் மாற்று உண்டு.

ஆடுகிறவர்கள் என் பெறாமகள், அவளுடைய பாடசாலைத் தோழர்கள் இருவர், கிண்ணியாவிலிருந்து வரும் என் நண்பர். நான் கதை நடத்துகிறேன். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைதான் ஆடுகளம். உலகத்தின் பெயர் ஏழ்கேணி. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட சூட்டில் இருப்பதைப் பார்த்து, ஏழு கேணி, ஏழு நாடு, ஏழு காலநிலை என்று வகுத்தோம். அவற்றில் ஒரு நாடு மட்டும் செங்குத்துப் பாறையும் அதன் காலடியிலேயே ஆழ்கடலுமாக இருக்கிறது. எங்கள் ஊர்க் கடலோரச் சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவருகே நின்று கீழே பார்த்தவர்களுக்கு அந்த நாட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாறைப் பிளவுகளில் குடியிருப்பவர்கள்தான் ஓதக்குடியார்.

முதல் வடிவத்தில் அவர்களைப் பிறவிப் போர்வீரர்களாக எழுதினேன். வலிமைக்கு 2 கூடுதல், உடல் வலுவுக்கு 1 கூடுதல். அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே இறங்கினால் எல்லாத் தாக்குதலுக்கும் சாதகம், அதாவது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்வது. தாளில் பார்க்க நன்றாக இருந்தது. மேசையில் அது எல்லாவற்றையும் விழுங்கியது. 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் ஒரு பகடைக்கு வாய்ப்பு 50 சதவீதம். சாதகம் கிடைத்தால் 75. சராசரி 10.5இலிருந்து 13.8க்கு ஏறுகிறது. பாதிச் சண்டைக்கு மேல் ஒருவருக்கே இப்படி நடந்தால், மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பகடையைக் கையில் உருட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய குறை சண்டை முடிந்த பிறகு தெரிந்தது. ஊருக்குள் போனார்கள், சந்தையில் பேரம் பேசினார்கள், ஒரு வழக்கைத் தீர்த்து வைத்தார்கள். அங்கெல்லாம் ஓதக்குடி வீரனுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. “சித்தப்பா, சண்டை இல்லாத நாளில் இவர்கள் என்ன செய்வார்கள்?” என்று பெறாமகள் கேட்டாள். என் கொப்பியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பிறவி வீரம் என்ற எண்ணத்தையே அந்தக் கட்டத்தில் கைவிட்டேன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியாவில் சில சமூகங்களைப் போருக்கென்றே பிறந்த குலங்கள் என்று பிரித்து, சீக்கியர், கூர்க்காக்கள், பட்டாணியர் என்று தேடித் தேடிப் படைக்கு எடுத்தார்கள். மற்றவர்களைக் கோழைகள் என்று ஒதுக்கினார்கள். ஆட்சிக்கு வசதியாக வகுத்த அந்தக் கணக்கு, கற்பனைக் கதைகளுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. முப்பது ஆண்டு நெருங்கிய போரைக் கண்டு எழுந்த ஊர் இது. ஒரே மேசையில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் நண்பரும் உட்காரும் இடத்தில், இரத்தத்திலேயே கொலைத்தொழில் ஓடுகிறது என்று ஒரு குலத்தை எழுதி வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. போர் தெரிந்த மக்கள் வேண்டும். ஆனால் அவர்கள் அதைக் கற்றுக்கொண்டவர்களாக இருக்க வேண்டும்.

எதைப் பிறவியில் வைப்பது, எதைப் பயிற்சியில் வைப்பது என்று பிரிக்க இரண்டு உண்மையான கடல் மக்களைப் பற்றிய ஆய்வுகள் கைகொடுத்தன. மூழ்கும்போது மூச்சடக்க உதவுவது மண்ணீரல்; இந்தோனேசியக் கடலின் பஜாவு மக்களின் மண்ணீரல், பக்கத்து நிலவாசிகளான சலுவான் மக்களுடையதைவிட ஏறத்தாழ 50 சதவீதம் பெரியது என்று 2018இல் கண்டார்கள். மூழ்காத பஜாவு மக்களிடமும் அது பெரிதாகவே இருந்ததால், அது மரபில் வந்தது. தாய்லாந்துக் கரையோர மோக்கன் சிறுவர்களோ, நீருக்கடியில் ஐரோப்பியச் சிறுவர்களைவிட இரு மடங்கு கூர்மையாகப் பார்க்கிறார்கள் என்று 2003இல் வெளிவந்தது. ஆனால் பயிற்சி கொடுத்ததும் ஐரோப்பியச் சிறுவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே ஓதக்குடியாருக்கு உடலில் மூச்சை மட்டும் வைத்தேன். பார்வை, ஆயுதம், நீருக்கடிப் போர் எல்லாம் வளர்ப்பில் வருபவை. அந்தக் குடியில் வளர்ந்த வேற்றுக் குலப் பிள்ளைக்கும் அவை உண்டு.

இனி மூச்சுக்கு எண் வேண்டும். ஆட்டத்தின் மூல விதிப்படி ஒருவர் 1 நிமிடமும் அதனுடன் உடல் வலுத் திருத்தம் (பாத்திரத்தின் உடல் வலுவைப் பொறுத்துக் கூட்டும் எண்) எத்தனையோ அத்தனை நிமிடமும் மூச்சை அடக்கலாம். ஆட்டத்தில் ஒரு சுற்று 6 விநாடி. ஆகவே சாதாரண ஆளுக்கே 10 சுற்று கிடைக்கிறது. எங்கள் மேசையில் எந்தச் சண்டையும் 5 சுற்றைத் தாண்டியதில்லை. நீருக்கடியில் சண்டை போட்டாலும் மூச்சு யாரையும் நெருக்காது என்பதுதான் இதன் பொருள். சும்மா இருந்து அடக்கும் மூச்சுக்கும் உழைத்துக்கொண்டு அடக்கும் மூச்சுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த விதி பார்ப்பதில்லை.

அந்த வேறுபாட்டை அளக்க ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரத்தில் பார்த்தோம். முதலில் அசையாமல், பிறகு நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி உயர்த்திக்கொண்டு. எல்லோருக்கும் இரண்டாவது நேரம் முதலாவதில் பாதியை ஒட்டியோ அதற்குக் கீழாகவோ வந்தது. இதை யாரும் தண்ணீரில் செய்து பார்க்க வேண்டாம். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அப்படி இறந்திருக்கிறார்கள். நாற்காலி போதும்.

அந்தப் பாதிக் கணக்கை வைத்து மூச்சுப் புள்ளி என்ற ஒன்றை அமைத்தேன். நீருக்கடியில் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 புள்ளி, தாக்கினால் இன்னும் 1. தொடக்கத்தில் இருப்பு 10 என்றும் அதனுடன் உடல் வலுத் திருத்தம் என்றும் வைத்தேன். திருத்தம் 2 உள்ள வீரனுக்கு 12 புள்ளி, சுற்றுக்கு 2 செலவு, ஆக 6 சுற்று. அப்போதும் நெருக்கவில்லை. 10ஐ 6 ஆக்கினேன். 8 புள்ளி, 4 சுற்று. நான்காவது சுற்றில்தான் எங்கள் சண்டைகள் முடிவை நெருங்கும். அந்த இடத்தில் மூச்சு தீர்வது மேசையை நிமிர்ந்து உட்கார வைத்தது. கூடவே ஆழ்குத்து என்று ஒன்றைச் சேர்த்தேன்: 3 புள்ளி கூடுதலாகச் செலவழித்தால், அடி எவ்வளவு என்று சொல்லும் ஆயுதப் பகடை இரட்டிப்பாகும். ஆறு முகப் பகடையின் சராசரி 3.5, ஆழ்குத்தில் 7. ஒரு பெருங்கோடரியின் சராசரி 6.5 என்பதால் இது மிகையில்லை. அதற்கு விலையும் உண்டு: தாக்குதலுக்கான 1 புள்ளியையும் சேர்த்து அந்தச் சுற்றில் 5 புள்ளி போய்விடும். புள்ளி முடிந்தால் திணறல். ஒரு முறை முழுவதும் ஓய்ந்து மூச்சு வாங்கும்வரை எல்லா உருட்டலும் பாதகம், அதாவது இரண்டு முறை உருட்டித் தாழ்ந்ததை எடுத்துக்கொள்வது. 50 சதவீத வாய்ப்பு 25க்கு இறங்கும். தரையிலும் மூச்சை அடக்கி ஆழ்குத்து போடலாம், அதே விலைக்கு.

ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கச் சிரமப்படவில்லை. நீந்தும் இயல்பில்லாதவர் நீருக்கடியில் கைப்போர் செய்தால் பாதகம் என்றும், குத்துவாள், எறியீட்டி, குறுவாள், ஈட்டி, திரிசூலம் ஆகியவற்றுக்கு மட்டும் அது இல்லை என்றும் மூல விதியே சொல்கிறது. குத்தும் ஆயுதம் தண்ணீரைப் பிளக்கும், வீசும் ஆயுதம் தண்ணீரில் நின்றுவிடும். எங்கள் கரையில் மீன் குத்தும் மண்டா இருக்கும்போது வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. திரிசூலத்துக்கான எண்களையே மண்டாவுக்குக் கொடுத்தேன்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. ஓதக்குடி வீரன் கீழே போய்விடுகிறான்; மற்ற மூவரும் வள்ளத்தில் இருந்து தண்ணீரைப் பார்க்கிறார்கள். மூச்சு விதி எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ, அவ்வளவுக்கு மேசை இரண்டாகப் பிரிந்தது.

விடையைக் கொண்டுவந்தவர் கிண்ணியா நண்பர். மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில் ஒருவர் மட்டும் குளிப்பதில்லை. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்துக் கீழே போவார்; மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார்; கீழிருந்து இழுத்துக் காட்டியதும் அவரைத் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனரிடம்தான் கொடுப்பார்கள், தங்கை தாலியை நினைத்தாவது அவர் கையை விடமாட்டார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். “உங்கள் வீரனின் கயிறு யார் கையில் இருக்கிறது?” என்று நண்பர் கேட்டார். அன்று இரவே விதியை எழுதினேன்.

ஓதக்குடி வீரன் மூழ்குவதற்கு முன் மேசையில் ஒருவரைக் கயிற்றாளாகச் சொல்ல வேண்டும். அவர் எந்தக் குலத்தவராகவும் இருக்கலாம். ஆனால் ஓதக்குடியாராக இருக்கக் கூடாது. கயிற்றாள் தன் எதிர்வினையை, அதாவது தன் முறை வராதபோதும் சுற்றுக்கு ஒரு தடவை செய்யக்கூடிய செயலை, செலவழித்து இரண்டில் ஒன்றைச் செய்யலாம். ஒரு முறை சுண்டினால் கீழே இருப்பவருக்கு அடுத்த உருட்டலில் சாதகம். இழுத்தால் 30 அடி மேலே வருவார். கீழே என்ன நடக்கிறது என்பதைக் கயிற்றாளுக்கு நான் சொல்வதில்லை. கீழே இருப்பவர் மேசைக்கடியில் உண்மையான கயிற்றை இழுத்துக் காட்ட வேண்டும், பேசக் கூடாது. அதற்காக 4 மி.மீ. நைலோன் கயிறு இரண்டு மீற்றர் வாங்கினேன், 120 ரூபா. இந்த வேலை முழுவதிலும் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிய பொருளும் இதுதான், ஆட்டத்தை மாற்றிய பொருளும் இதுதான். வீரனின் பலம் அவனிடம் இல்லை, மேலே இருப்பவரின் கையில் இருக்கிறது என்றானதும், நான்கு பேரும் ஒரே சண்டைக்குள் வந்துவிட்டார்கள். முதல் வடிவத்தில் நான் அள்ளிக் கொடுத்த அதே சாதகத்தை இப்போது இன்னொருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது, சுற்றுக்கு ஒரு தடவை மட்டும்.

பெறாமகளின் கேள்விக்கு விடை இறப்பிலிருந்து வந்தது. பாத்திரம் இறந்தால் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய தாள் எடுப்பதுதான் அதுவரை வழக்கம். தமிழில் வீரனின் சாவுக்கு அவ்வளவு குறுகிய முடிவு கிடையாது. நடுகல் எடுப்பதை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. ஒவ்வொன்றும் ஆட்டத்தில் ஒரு காட்சியாக நிற்கிறது. கல் எந்த மலையில் கிடைக்கும், அந்த மலை யாருடையது, எப்படிக் கேட்டு வாங்குவது என்று பேச்சும் பேரமும் பயணமும் தாமாக வந்தன. சந்தையில் வேலையில்லாமல் நின்ற குலத்துக்கு வேலை வந்துவிட்டது.

ஓதக்குடியார் கல்லை நிலத்தில் நடுவதில்லை, கடலடியில் நடுகிறார்கள். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் சுவாமி மலையடிக் கடலில் கிடப்பதை 1956இல் மூழ்காளர்கள் கண்டார்கள். கடலுக்கடியில் செதுக்கிய கல் என்பது எங்களுக்குக் கற்பனையில்லை. ஆகவே நீர்ப்படையும் நடுகல்லும் அதே மூச்சுப் புள்ளி, அதே கயிற்று விதியில் நடக்கின்றன. எதிரி யாரும் இல்லை. பாரம் மட்டும் இருக்கிறது. கல்லோடு இறங்கினால் சுற்றுக்கு 2 புள்ளி. 8 புள்ளியில் நான்கு சுற்றுக்குள் இடம் தேடி, குழி பறித்து, கல்லை நிறுத்திவிட்டு ஏற வேண்டும். எங்கள் மேசை இதுவரை ஆடியவற்றில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த காட்சி இதுதான். ஒரு வாளும் உருவப்படவில்லை.

கல்லில் என்ன எழுதுவது என்பதற்கும் ஒரு விதி வைத்தேன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் உள்ள நடுகல், இறந்தவர் பெயரையும், எந்த ஊர் ஆகோளில் (ஆநிரை கவரும் பூசலில்) இறந்தார் என்பதையும் சொல்லி நின்றுவிடுகிறது. புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. எங்கள் ஆட்டத்திலும் அப்படியே: பெயர், ஊர், செயல், அதற்கு மேல் இல்லை. எழுதுவது இறந்த பாத்திரத்தை ஆடியவரில்லை, அவருடைய கயிற்றாள். எதிரிப் படையில் இறந்தவருக்கும் ஓதக்குடியார் கல் எடுப்பார்கள் என்ற விதியைச் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள்தான் கேட்டார்கள். உடனே சேர்த்தேன். இந்த விதித்தாளில் நான் எடுக்கவே விடமாட்டேன் என்று நினைக்கும் வரி அது.

இனி உருவங்கள். நிற்கும் உருவத்தில் காலடியிலிருந்து கண்வரை 28 மி.மீ., அடித்தட்டு 25 மி.மீ. அடித்தட்டுக்கு இரும்புக்கடை வாஷர். எலும்புக்கூட்டுக்கு 7/0.50 மின்கம்பி அரை மீற்றர். உறையை உரித்தால் 0.5 மி.மீ. தடிப்பில் ஏழு செப்பு இழைகள் கிடைக்கும். இரண்டு இழைகளை முறுக்கிக் கால்களும் முதுகும், ஒற்றை இழையில் கைகள். முறுக்காத ஒற்றை இழையில் புட்டி வழுக்கிச் சுழல்கிறது. அதை அரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டால் பிடித்துக்கொள்கிறது.

எபொக்சி புட்டி 700 ரூபா. உறையில் போட்டிருக்கும் இறுகும் நேரத்தைத் திருகோணமலை வெயிலில் நம்ப முடியாது. மதியத்தில் குழைத்தது முகம் செதுக்கி முடிப்பதற்குள் கல்லாகிவிட்டது. குழைப்பதற்கு முன் இரண்டு பாகங்களையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, விடியற்காலையில் வேலை செய்தேன். வேண்டிய அவகாசம் கிடைத்தது. ஒரு தடவைக்குச் சுண்டைக்காய் அளவுக்கு மேல் குழைக்க வேண்டாம். கருவிகள் தையல் ஊசி, ஈர்க்கு, பழைய சவர அலகு. அடிக்கடி தண்ணீரில் நனைத்தால் புட்டி ஒட்டாது. மண்டாவின் மூன்று முனையைத் தனித்தனி இழையில் வெட்டி ஒட்டினேன், முழு நீளம் 35 மி.மீ. இடுப்பில் கயிறு கட்டாத உருவம் ஒன்றுகூட இல்லை.

அடித்தட்டில் ஒட்டக் கடற்கரை மணல் எடுத்தால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உலர்த்த வேண்டும். உப்பு இருந்தால் வாஷர் துருப்பிடித்து வண்ணத்துக்கு மேலே வருகிறது. வண்ணத்தின் மேல் பூசும் மெருகெண்ணெயில் (வார்னிஷ்)தான் பெரிய இழப்பு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், காற்றில் ஈரம் நிறைந்திருந்த மாலையில், ஸ்பிரே வகையை அடித்தேன். எல்லா உருவமும் வெள்ளை பூத்துவிட்டது. பளபளப்பு வகை மெருகெண்ணெயைத் தூரிகையால் மெல்லப் பூசியதில் பாதிக்கு மேல் மீண்டன. கறுப்புத் துணி போர்த்திய உருவங்கள் இன்னும் சாம்பலாகவே இருக்கின்றன. அடுத்த தொகுதிக்குத் தூரிகையால் பூசும் வகைதான், அதுவும் மழைக்கு முன்.

வண்ணமும் மெருகெண்ணெயும் சேர்த்து 2,800 ரூபாவை ஒட்டி வந்தது. அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் மீதியிருக்கிறது. மறுபடியும் தொடங்கினால் உருவங்களைக் கடைசிக்குத் தள்ளமாட்டேன். கயிறு கட்டிய முதல் உருவத்தைக் கையில் எடுத்த பிறகுதான் இரண்டு விதிகளின் சொற்கள் தெளிந்தன. எண்களைக் கொப்பியில் நேர்த்தியாக்குவதைவிட, அரைகுறையாகவேனும் மேசைக்குக் கொண்டுபோவது நல்லது.

திருத்த வேண்டியவை இன்னும் உண்டு. கயிற்றாளே மயங்கி விழுந்தால் கயிறு யாரிடம் போகும் என்பதற்கு இப்போதைய விதியில் விடையில்லை. அருகில் இருப்பவர் ஒரு முழு முறையைச் செலவழித்து எடுக்கலாம் என்று வைத்துப் பார்க்கப் போகிறோம். முதல் மட்டத்தில் 8 புள்ளி சரி, ஐந்தாம் மட்டத்தில் வீரனுக்கு இரண்டு தாக்குதல் வரும்போது அது மூன்று சுற்றுக்கே காணாது. மட்டம் ஏற ஏறப் புள்ளியைக் கூட்டுவதா, இரண்டாவது தாக்குதலுக்கு மூச்சுச் செலவை நீக்குவதா என்பதைத் தவணை விடுமுறையில் இரண்டு விதமாகவும் ஆடிப் பார்த்து முடிவுசெய்வோம்.